அண்ணாந்து குடிக்கிறவள்

“அருவருப்பா? எனக்கா? முப்பத்திரண்டு வருஷமா அடுத்தவங்க ரத்தத்தைக் குழாய் குழாயா எடுத்து—”

“எடுத்தே, எடுத்தே, யார் இல்லேன்னா? நான் சொல்ல வர்றதை முதல்ல—”

“—குலுக்கி, சுத்த விட்டு, கண்ணாடிக்கு அடியில வெச்சுப் பார்த்தவ நான். என்னைப் போய்—”

“நான் சொல்லலே தாயே. அந்தப் பொண்ணு சொல்லுது. நீ ஓரத்தைப் பிடி, விரிப்பு தரையில தேயுது.”

ஓரத்தைப் பிடித்தேன். அண்ணி மறுமுனையை இழுத்தாள். கோபத்தில் நானும் இழுத்தேன். படுக்கை விரிப்பு இருவருக்கும் நடுவில் பலகை மாதிரி விறைத்து நின்றது.

அது துணி அறை. சுவர் நெடுக மர அடுக்கு, அடுக்குக்கு ஒரு நம்பர், இருபத்து மூன்று வரை. எச்.ஐ.வி.யோடு பிறந்த இருபத்து மூன்று பிள்ளைகள் அந்த இல்லத்தில் இருந்தார்கள். அவர்களுடைய விரிப்பு, தலையணை உறை, பள்ளிச் சீருடை எல்லாம் அண்ணியின் பொறுப்பு. மருந்து அறையில் சாயங்கால வேளை என் பொறுப்பு. சம்பளமில்லாத வேலை, ஆறு மாதம். மூன்று முடிந்திருந்தது. நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரி டாக்டர் ஒருவர் சொல்லித்தான் நான் கிளம்பினேன். அண்ணன் போன பிறகு அண்ணியும் நானும் ஒரே வீடு. “நீ தனியா கடல் கடந்து போய் யார்கூட சண்டை போடுவே?” என்று சொல்லி அண்ணியும் பெட்டி கட்டினாள்.

“சரி, சொல்லுங்க,” என்றேன்.

அண்ணி விரிப்பைத் தன் பக்கம் வாங்கி மடித்து வைத்தாள். மேலங்கிப் பைக்குள் கைவிட்டு ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து இஸ்திரி மேஜைமேல் பிரித்தாள். நான்கு மாத்திரைகள். இரண்டு முழுசாக இருந்தன. இரண்டு வாயில் ஊறி, பிறகு காய்ந்து, ஓரம் பொரிந்து போயிருந்தன.

“தலையணை உறைக்குள்ள, தையல் மூலையில செருகி இருந்தது. நல்லவேளை, தண்ணியில போடறதுக்கு முன்னாடி உதறினேன்.”

“யார் உறை?”

“பதினேழு.”

பதினேழாம் நம்பர் எங்கள் வக்கீல். பதினோரு வயசு. பல் தேய்க்கச் சொன்னால், “யார் போட்ட விதி, எங்கே எழுதியிருக்கு?” என்று கேட்பவள். நாங்கள் வைத்த பெயர்தான் அது. அர்த்தம் சொன்னபோது அவளுக்குப் பிடித்துப்போய், தன் நோட்டு அட்டையில்கூட எழுதிக்கொண்டாள்.

காலை வேளை மருந்தை நர்ஸ் கொடுப்பார். அவரிடம் ஒளிக்க முடியாது. இந்த நான்கும் சாயங்காலத்து மாத்திரைகள். என் கையால் கொடுத்தவை.

“இதுக்கும் நான் தண்ணி குடிக்கிறதுக்கும் என்ன சம்பந்தம்?”

“அதைத்தானே அரை மணி நேரமா சொல்ல வர்றேன். பின்வாசல் படியில பொடிசுங்க நாலு கப்பை வெச்சு விளையாடிக்கிட்டிருந்துதுங்க. தலையை அண்ணாந்து, கப்பை ஒரு சாண் மேலே தூக்கி, தண்ணியை ஊத்தி, புரையேறி இருமி, அப்புறம் மூஞ்சியை இப்படிச் சுளிக்குதுங்க. என்ன விளையாட்டுடான்னேன். ரத்த அத்தை விளையாட்டாம். ரத்த அத்தைன்னா நீதான்.”

“நான் என்னைக்கு மூஞ்சியைச் சுளிச்சேன்?”

“அது அதுங்க கைச்சரக்கு. ஏன் கப்பை அவ்ளோ மேலே தூக்கறீங்கன்னு கேட்டா, ‘நாம தொட்ட கப்பு அத்தை வாயில படக் கூடாது, பட்டா அவங்களுக்கும் வந்துடும்’னு ஒரு ஆறு வயசு சொல்லுது. யார் சொன்னான்னேன். வக்கீல் அக்கா.”

“அண்ணி, நான் பொறந்ததுலேருந்து அப்படித்தான் குடிக்கிறேன். கொதிக்கிற காபியைக்கூட தூக்கித்தான் குடிப்பேன். உங்களுக்குத் தெரியாதா?”

“எனக்குத் தெரியும். அதுக்குத் தெரியுமா?”

நான் ஒரு துண்டை எடுத்து மடிக்க ஆரம்பித்தேன். அண்ணி அதை என் கையிலிருந்து வாங்கி வேறு மாதிரி மடித்தாள்.

“ஒண்ணு சொல்றேன், கோபப்படாதே. எனக்கும் அப்போ தெரியலே. கல்யாணமாகி வந்த மறுநாள் உங்கம்மா, ‘எச்சில் பண்ணாம குடிம்மா’ன்னு என் கையிலிருந்த டம்ளரைக் காட்டினாங்க. எங்க வீட்டுல எல்லாரும் வாய் வெச்சுத்தான் குடிப்போம். நான் என்ன நினைச்சேன்? நான் கறுப்பு, வசதி இல்லாத வீட்டுப் பொண்ணு, அதான் என் வாய் பட்டது ஆகலேன்னு நினைச்சேன். ஒரு வாரம் குளியலறைக் குழாயைத் திறந்து விட்டுட்டு அழுதேன்.”

“எனக்குத் தெரியாதே அண்ணி.”

“உனக்கு எப்படித் தெரியும்? நீ அண்ணாந்து குடிச்சுக்கிட்டிருந்தே. மேலே பார்த்துக் குடிக்கிறவளுக்கு எதிர்ல நிக்கிறவ மூஞ்சி எங்கே தெரியும்?”

மேஜைமேல் இஸ்திரிப் பெட்டி புகைய ஆரம்பித்தது. அண்ணிதான் போய் அணைத்தாள்.

“கடிகாரத்துக்கிட்ட சொல்லணும்,” என்றேன்.

“சொன்னா உன்னை மருந்து அறையிலேருந்து தூக்கிடும்.”

“தூக்கட்டும். நாலு வேளை மருந்து உள்ளே போகலே. அதை மூடி மறைச்சா நான் ரத்தம் எடுத்ததுக்கு அர்த்தமே இல்லே.”

கடிகாரம் என்பது தலைமை நர்ஸ். ஆறு மணி என்றால் ஆறு மணி. ஐந்து ஐம்பத்தொன்பதுக்கு மூடியைத் திறந்தாலும் முறைப்பார். அந்த ஊர்ப் பேச்சு எங்களுக்கு அரைகுறை. பாதியை வாயாலும் மீதியைக் கையாலும் பேசிச் சமாளிப்போம். அவர்கள் சொன்னது எனக்கு எப்படிக் காதில் விழுந்ததோ அப்படியே இங்கே தருகிறேன்.

பொட்டலத்தை மேஜையில் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

“தினமும் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தீங்களா?”

“இல்லே. பிள்ளைங்களைச் சந்தேகப்படற மாதிரி இருக்கும்னு…”

“நல்ல மனசு. அந்த நல்ல மனசால நாலு வேளை போச்சு. விட்டு விட்டுச் சாப்பிட்டா உள்ளே இருக்கிறது இந்த மாத்திரைக்குப் பழகிக்கும். அப்புறம் இந்த மாத்திரை அவளுக்கு உதவாது. வேற மருந்துக்கு மாத்தணும், பெரிய ஆஸ்பத்திரிக்கு அலையணும். அடுத்த வாரம் ரத்தப் பரிசோதனை வேற.”

“இன்னிக்கு நீங்களே குடுத்துடுங்க.”

“மாட்டேன். நான் குடுத்தா எனக்குப் பயந்து முழுங்குவா. இன்னும் ரெண்டு வருஷத்துல அவளே எடுத்துச் சாப்பிடணும். அப்போ நான் கூட இருப்பேனா? உங்களைப் பார்த்துத்தான் அவளுக்கு நம்பிக்கை போயிருக்கு. நீங்க போட்ட முடிச்சு, நீங்களே அவிழுங்க. நான் பக்கத்துல நிக்கிறேன். முடியலேன்னா நாளையிலேருந்து நீங்க துணி அறை.”

வாசலில் நின்ற அண்ணி தமிழில் கேட்டாள். “துணி அறைன்னா அவ்ளோ பெரிய தண்டனையாமா?”

ஆறு மணிக்கு மருந்து அறை வாசலில் வரிசை நின்றது. சின்ன அறைதான். ஒரு எஃகு மேஜை, நம்பர் போட்ட டப்பாக்கள், அளவுக் கிண்ணங்கள், தண்ணீர் ஜாடி, நீல நிற பிளாஸ்டிக் கப்புகள். சுவரில் பெரிய அட்டவணை, அதில் டிக் அடிக்க நூலில் கட்டித் தொங்கும் பேனா. பொடிசுகளுக்குக் கசப்பு மருந்து, பிறகு ஒரு துண்டு வாழைப்பழம். பழத்தை முதலில் கேட்டு அழுகிறவன் ஒருவன், மருந்தைக் குடித்துவிட்டுக் கைதட்டல் எதிர்பார்க்கிறவள் ஒருத்தி. ஏழாவது பிள்ளைக்கு ஊற்றும்போது எனக்கு அடுக்கடுக்காக நான்கு தும்மல் வந்தது. நர்ஸ் ஒரு முகக்கவசத்தை நீட்டினார். போட்டுக்கொண்டு மீதியைக் கொடுத்தேன்.

வக்கீல் எப்போதும் கடைசியில்தான் வருவாள். அவசரமில்லாமல் பேசலாம் அல்லவா?

“உக்காரு,” என்றேன்.

“நின்னுக்கிட்டே முழுங்கலாம்.”

“பேசணும்.”

உட்கார்ந்தாள். பொட்டலத்தைப் பிரித்து வைத்தேன். அவள் முகத்தில் பயம் தெரியவில்லை. எண்ணிப் பார்த்தாள், அவ்வளவுதான்.

“உறையில நம்பர் போட்டது தப்பு. போடலேன்னா யாருதுன்னு தெரிஞ்சிருக்காது,” என்றாள்.

நர்ஸ் தொண்டையைச் செருமினார்.

“ஏன் முழுங்கலே?”

“அதை நீங்கதான் சொல்லணும். நான் கேள்வி கேக்கலாமா?”

நான் நர்ஸைப் பார்த்தேன். “கேக்கட்டும்,” என்றார்.

“நீங்க உங்க ஊர்ல என்ன வேலை பார்த்தீங்க?”

“ரத்தம் எடுத்துச் சோதிக்கிற வேலை.”

“எத்தனை வருஷம்?”

“முப்பத்திரண்டு.”

“எங்க ரத்தத்துல இருக்கிறது மாதிரி இருக்கிற ரத்தமும் பார்த்திருக்கீங்களா?”

“நிறைய.”

“அப்போ இங்கே இருக்கிற பெரியவங்கள்ல இதைப் பத்தி ரொம்பத் தெரிஞ்சவங்க நீங்கதான்.”

“ஏதோ, ஓரளவுக்கு.”

வாசலிலிருந்து அண்ணியின் குரல் வந்தது. “இப்போ என்ன திடீர்னு அடக்கம்?”

வக்கீல் விரலை மடக்கி எண்ணினாள். “சமையல்காரர் எங்க கப்புல வாய் வெச்சுக் குடிக்கிறார். டிரைவர் குடிக்கிறார். துணி அத்தை குடிக்கிறாங்க. அவங்களுக்கெல்லாம் ரத்தத்தைப் பத்தி ஒண்ணும் தெரியாது. தெரிஞ்ச நீங்க மட்டும் வாய் வெக்கிறதில்லே. நான் பதினெட்டு நாள் பார்த்தேன், ஒரு தடவைகூட இல்லே. அப்போ ‘கப்புல வராது’ன்னு எல்லாரும் சொல்றது எங்களைச் சமாதானப்படுத்தறதுக்கு. கப்பு விஷயம் பொய்னா, மாத்திரை போட்டா நல்லா இருப்பேன்னு சொல்றது மட்டும் எப்படி நிஜம்?”

கோர்ட்டுக்குச் சாட்சி சொல்ல நானும் இரண்டு முறை போயிருக்கிறேன், விபத்து வழக்குகளில். கறுப்பு அங்கி போட்டவர்கள் யாரும் என்னை இப்படி மடக்கியதில்லை. அவள் முன்னால் இருந்த கப்பில் அவள் பாதி குடித்து வைத்த தண்ணீர் இருந்தது. முகக்கவசத்தைக் கீழே இழுத்துவிட்டு அதைத் தூக்கி உதட்டுக்குக் கொண்டுபோனேன்.

“வேணாம்,” என்று இரண்டு குரல் ஒரே நேரத்தில் சொன்னது. ஒன்று வக்கீல், இன்னொன்று நர்ஸ்.

“இது செல்லாது,” என்றாள் வக்கீல். “நான் கேட்டதுக்கு அப்புறம் குடிக்கிறீங்க. காட்டறதுக்காகக் குடிக்கிறது.”

“கப்பைக் கீழே வைங்க,” என்றார் நர்ஸ். “தும்மிக்கிட்டே இருக்கீங்க.”

வக்கீல் சட்டென்று நர்ஸ் பக்கம் திரும்பினாள். “நீங்க எதுக்கு வேணாம்னீங்க?”

“அவங்களுக்குச் சளி. அவங்க வாய் பட்ட கப்புல நீ குடிச்சா உனக்கு ஒட்டிக்கும்.”

“அவங்ககிட்டேருந்து எனக்கு?”

“ஆமா.”

“என்கிட்டேருந்து அவங்களுக்கு?”

“ஒண்ணும் போகாது. உனக்குத்தான் சளியே இல்லையே.”

“மத்தது?”

“மத்தது கப்புல போகாது. எத்தனை தடவை கேட்டாலும் அதே பதில்தான்.”

அவள் கப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அவளுக்கு யோசனை ஓடும்போது கீழுதடு ஒரு பக்கமாகப் போகும். போயிற்று.

“என் கப்பு அவங்களை ஒண்ணும் பண்ணாது. அவங்க கப்புதான் என்னைப் பண்ணும்.”

“இன்னிக்கு நிலவரம் அதுதான்.”

இந்தச் செய்தி அவளுக்குப் பிடித்திருந்தது என்று அவள் உட்கார்ந்த விதத்திலேயே தெரிந்தது. நாற்காலியில் முதுகைச் சாய்த்துக் காலை ஆட்டினாள். ஆனால் வக்கீல் வக்கீல்தான்.

“சளி இல்லாத நாள்லயும் வாய் வெக்கலையே, அது ஏன்?”

“எங்க வீட்டுல நாங்க பதினோரு பேர்,” என்றேன். “தண்ணிப் பானைக்குப் பக்கத்துல ஒரே ஒரு சொம்பு. விளையாடிட்டு ஓடி வருவோம், மொண்டு குடிப்போம். வாய் வெக்காம தூக்கிக் குடிச்சா, கழுவாமலே அடுத்த ஆள்கிட்ட குடுத்துடலாம். பதினோரு வாய்க்கு ஒரு சொம்பு போதும்.”

“அப்போ அது எல்லாரும் பங்கு போட்டுக்கறதுக்கா?”

“ஆமா.”

“அது மட்டும்தானா?”

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். வாசலில் அண்ணி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என்னைப் பார்க்கவில்லை, கதவின் தாழ்ப்பாளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இல்லே,” என்றேன். “அதுக்கு இன்னொரு முகமும் உண்டு. சிலபேர் வாய் பட்டா தீட்டுன்னு நினைக்கிறவங்களும் இதே மாதிரிதான் குடிப்பாங்க. வேலைக்கு வர்றவங்களுக்குத் தனி டம்ளர் வெச்ச வீடெல்லாம் உண்டு. எங்க வீட்டுலயும் ஒண்ணு இருந்தது, கொல்லைப்பக்க ஜன்னல்ல. நீ நினைச்சது சுத்தமாத் தப்புன்னு நான் சொல்ல முடியாது.”

“நீங்க அதுக்காகவா குடிச்சீங்க?”

“நான் எதுக்காகவும் குடிக்கலே. யோசிக்காம குடிச்சேன். இங்கே வந்தப்பவாவது யோசிச்சிருக்கணும். அது என் தப்பு.”

“சாட்சி இருக்கா?”

“நான் இருக்கேன்,” என்று அண்ணி உள்ளே வந்தாள். கையைத் துடைத்துக்கொண்டு, கூண்டில் ஏறுகிறவள் மாதிரி மேஜைக்குப் பக்கத்தில் நின்றாள். “முப்பத்தாறு வருஷமா இவளைப் பார்க்கிறேன். கல்யாண வீடு, ஆஸ்பத்திரி, ரயிலு, எங்கேயும் இவ வாய் வெச்சுக் குடிச்சதில்லே. ரயில்ல தண்ணியை ஊத்தி என் புடவையை நனைச்சதுதான் மிச்சம். என் டம்ளர்ல மட்டும் இல்லே, தன் சொந்த பாட்டில்லகூட வாய் வெக்க மாட்டா.”

“சொந்த பாட்டில்லகூடவா?”

“சத்தியமா.”

“அப்போ அவங்களுக்கு அவங்க வாய் மேலயே அருவருப்பா?”

முதலில் நர்ஸ்தான் சிரித்தார். மூன்று மாதத்தில் அவர் பல்லை அன்றுதான் பார்த்தேன். அப்புறம் அண்ணி. வக்கீல் தான் சொன்னது ஜோக் என்று தெரிந்ததும் தானும் சேர்ந்துகொண்டாள். நான் சிரித்ததில் இருமல் வந்தது.

சிரிப்பு அடங்கியதும் வக்கீல் எழுந்தாள். அட்டவணையில் தொங்கும் பேனாவை எட்டி இழுத்து, ஒரு கப்பில் பெரிய பெருக்கல் குறி போட்டாள். மற்ற கப்புகளிலிருந்து அதை எடுத்து ஜன்னலோரம் தனியாக வைத்தாள்.

“சளி போற வரைக்கும் உங்களுக்கு இது தனி.”

“தனி டம்ளரா?” என்றாள் அண்ணி, என்னைப் பார்த்து. அவளுக்கு அதில் ஒரு ஆனந்தம்.

“ஒரு வாரத்துக்குத்தான். அப்புறம் அழிச்சுடலாம்,” என்று வக்கீல் அண்ணிக்கு ஆறுதல் சொன்னாள்.

பிறகு டப்பாவைத் திறந்து தன் மாத்திரையைத் தானே எடுத்தாள். பெரிய மாத்திரை அது, பெரியவர்களுக்கே தொண்டையில் தடுக்கும். நாக்கின் நடுவில் வைத்து, தன் கப்பிலிருந்த மீதித் தண்ணீரை உதடு பதித்துக் குடித்தாள். தொண்டை ஏறி இறங்கியது. நர்ஸ் என்னைப் பார்த்தார். எனக்குப் புரிந்தது.

“வாயைத் திற,” என்றேன். “நாக்கைத் தூக்கு.”

தூக்கினாள். சுத்தமாக இருந்தது. ஒரு கடைவாய்ப்பல் புதிதாக முளைத்துக்கொண்டிருந்தது. அட்டவணையில் பதினேழுக்கு நேரே நான் டிக் அடித்தேன்.

“நாளைக்கும்?” என்றேன்.

“நாளைக்கும். அடுத்த வாரம் ரத்தம் எடுக்கறப்போ நீங்கதான் எடுக்கணும். அவங்க எடுத்தா வலிக்குது.”

‘அவங்க’ என்றது நர்ஸை. நர்ஸ் அதைக் காதில் வாங்காதவர் போல அலமாரியைத் திறந்து ஒரு சின்ன மாத்திரையை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். “இது உங்களுக்கு. சளிக்கு.”

“சளிக்கெல்லாம் மாத்திரை எதுக்கு? போட்டா ஒரு வாரம், போடாட்டி ஏழு நாள்.”

“இப்படித்தான் நானும் நாலு நாளா நினைச்சேன்,” என்றாள் வக்கீல்.

ஜன்னலோரத்திலிருந்து பெருக்கல் குறி போட்ட கப்பை எடுத்துத் தண்ணீர் ஊற்றிக்கொண்டேன். மாத்திரையை வாயில் போட்டதும் தலை தானாகப் பின்னால் போனது, கை தானாக மேலே போனது. மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கையைக் கீழே இறக்கி, கப்பின் விளிம்பில் உதட்டை வைத்தேன். பிளாஸ்டிக் விளிம்பு லேசாகச் சொரசொரத்தது. எவ்வளவு சாய்ப்பது என்று தெரியவில்லை. கொஞ்சம் உள்ளே போனது, மீதி தாடையில் வழிந்து கழுத்துக்குள் இறங்கியது.

“அறுபத்துமூணு வயசுல குழந்தை தண்ணி குடிக்கப் பழகுது,” என்றாள் அண்ணி. முந்தானையால் என் தாடையைத் துடைத்தும்விட்டாள்.

எல்லாரையும் பார்த்துக்கொண்டே தண்ணீர் குடிக்கலாம் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. முழுங்கிவிட்டேன் என்று தலையாட்டினேன். வக்கீலுக்கு அது போதவில்லை. சளி ஒட்டாமல் இருக்க ஒரு கை தூரத்தில் நின்றுகொண்டு, நுனிக்காலில் எம்பி என் முகத்தைப் பார்த்தாள். நான் வாயைத் திறந்தேன்.

“நாக்கைத் தூக்குங்க. அடியில ஒளிச்சு வெக்கிறதெல்லாம் எனக்குத் தெரியும்.”